ஓராண்டு ஒப்பந்தம், ஆயுள் கட்டு

1919 அக்டோபர் 17. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், மெட்ரோபோல் ஓட்டலில் ஓர் ஏலம் நடந்தது. லீட்ஸ் சிட்டி என்ற கால்பந்துக் கிளப்பை லீக்கிலிருந்து நீக்கிவிட்டார்கள். கிளப்பின் சொத்துகளை விற்றாக வேண்டும். அந்தச் சொத்துப் பட்டியலில் ஆட்டக்காரர்களும் இருந்தார்கள். மற்ற கிளப்களின் நிர்வாகிகள் வந்து ஒவ்வொருவருக்கும் விலை கேட்டார்கள். பில்லி மெக்லியட் என்ற முன்கள வீரரை 1,250 பவுண்ட் கொடுத்து நாட்ஸ் கவுண்ட்டி எடுத்துக்கொண்டது.

கிளப் செய்த குற்றம் என்ன? முதல் உலகப் போர்க் காலத்தில் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்கக் கூடாது என்று தடை இருந்தது. லீட்ஸ் சிட்டி மறைமுகமாகக் கொடுத்தது என்று அதன் முன்னாள் வீரர் ஒருவர் புகார் சொன்னார். கணக்குப் புத்தகங்களைக் கொண்டு வா என்றது லீக். நிர்வாகிகள் மறுத்தார்கள். பருவத்தில் எட்டு ஆட்டங்கள் முடிந்த நிலையில் கிளப் வெளியேற்றப்பட்டது. அதன் இடம் போர்ட் வேல் கிளப்புக்குப் போனது. விதியை மீறியது நிர்வாகம், கணக்கை ஒளித்ததும் நிர்வாகம். ஏலத்துக்குப் போனவர்கள் ஆட்டக்காரர்கள்.

இதை ஏன் இப்போது சொல்ல வேண்டும்? வார இறுதிகளில் பிரீமியர் லீக் பார்க்கும் தம்பி தங்கைகள் நம்மிடையே நிறையப் பேர். செல்சி ஏன் ஒருவருக்கு எட்டரை ஆண்டு ஒப்பந்தம் கொடுக்கிறது, எவர்டனின் புள்ளிகளை ஏன் பிடுங்கினார்கள் என்று விவாதிக்கிறார்கள். விவாதம் பெரும்பாலும் "எந்தக் கிளப் ஏமாற்றியது" என்பதோடு நின்றுவிடுகிறது. இந்த விதிகள் யாரைக் கட்டுவதற்காகப் பிறந்தன என்ற கேள்விக்குப் போவதில்லை. அதற்கு நூற்றுமுப்பது ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

இங்கிலாந்தில் 1885இல்தான் காசு வாங்கிக்கொண்டு கால்பந்து ஆடுவது சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. 1888இல் லீக் தொடங்கியது. 1893இல் வந்தது தக்கவைப்பு விதி. ஆட்டக்காரரின் பெயர் ஒரு கிளப்பில் பதிவாகும். பதிவு இல்லாமல் லீக்கில் ஆட முடியாது. ஒப்பந்தம் ஓராண்டுக்குத்தான். ஆனால் ஆண்டு முடிந்தபின்னும் பதிவு கிளப்பின் கையிலேயே இருக்கும். கிளப் விரும்பினால் அவரைத் தக்கவைக்கலாம், விலை வைத்து விற்கலாம், அல்லது யாருக்கும் விடாமல் சும்மா வைத்திருக்கலாம். ஒப்பந்தம் இல்லாததால் சம்பளமும் தர வேண்டியதில்லை! தாளில் ஓராண்டு, நடப்பில் ஆயுள்.

1901இல் கூலிக்கும் உச்சவரம்பு வந்தது: வாரத்துக்கு நான்கு பவுண்ட். பெருநகரக் கிளப்கள் நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போனால் சின்ன ஊர்க் கிளப்கள் அழிந்துவிடும், ஆகவே சமத்துவம் வேண்டும் என்று நியாயம் சொன்னார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. முதலாளிகளுக்கு இடையிலான சமத்துவத்துக்குத் தொழிலாளியின் கூலியில் கை வைத்தார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள்.

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றிப் பேசிவிடுகிறேன். அந்த ஒப்பந்தத்தை 'அடிமை ஒப்பந்தம்' என்று இங்கிலாந்தில் பலர் அழைத்தார்கள். நான் அந்தச் சொல்லைப் பயன்படுத்தத் தயங்குகிறேன். கொத்தடிமை முறை என்றால் என்னவென்று நம் பாட்டன் பாட்டிகளுக்குத் தெரியும். நாலு பவுண்ட் வாங்கிய ஆட்டக்காரர் அன்றைய தொழிலாளிகளோடு ஒப்பிட்டால் நல்ல கூலிக்காரர். கால்பந்தை விட்டுவிட்டுச் சுரங்கத்துக்குப் போக அவரை யாரும் தடுக்கவில்லை. ஆனால் தனக்குத் தெரிந்த தொழிலை வேறொருவரிடம் செய்ய முடியாது என்பது உண்மையான கட்டு. அதற்கு இருக்கும் எடையை அப்படியே சொன்னால் போதும்.

அந்தக் கட்டை எதிர்த்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் பில்லி மெரிடித். வேல்ஸில் சிர்க் என்ற ஊர்க்காரர். பன்னிரண்டு வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். மான்செஸ்டர் சிட்டியின் நட்சத்திரம். 1905இல் எதிரணித் தலைவருக்கு லஞ்சம் கொடுக்க முயன்றார் என்று அவருக்குத் தடை விதித்தார்கள். கிளப் அவரைக் கைகழுவியது. உடனே மெரிடித் வாயைத் திறந்தார்: இந்தக் கிளப் நாலு பவுண்ட் வரம்பை எப்போதோ மீறிவிட்டது என்றார். 1906இல் விசாரணை முடிந்தது. கிளப்புக்கு 250 பவுண்ட் அபராதம், மேலாளருக்குத் தடை. 17 ஆட்டக்காரர்களுக்கு அபராதத்தோடு 1907 ஜனவரி 1 வரை ஆடத் தடை, அதன்பின் சிட்டிக்காக ஆடவே கூடாது என்ற உத்தரவு. அவர்களும் விற்பனைக்கு வந்தார்கள், மான்செஸ்டர் குயின்ஸ் ஓட்டலில். மெரிடித்தும் இன்னும் மூவரும் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனார்கள்.

தண்டித்தவர்கள் எதிர்பார்க்காதது அடுத்து நடந்தது. 1907 டிசம்பரில் மான்செஸ்டர் இம்பீரியல் ஓட்டலில் ஆட்டக்காரர் சங்கம் உருவானது. முன்னின்றவர்களில் மெரிடித் ஒருவர். கூலி வரம்பையும் தக்கவைப்பு விதியையும் ஒழிக்க வேண்டும் என்றது சங்கம். மற்றத் தொழிற்சங்கங்களின் கூட்டமைப்போடு சேரப் பார்த்தது. கால்பந்துச் சங்க அதிகாரிகளுக்கு அதுதான் பொறுக்கவில்லை. 1909இல், சங்கத்திலிருந்து விலகு, இல்லையென்றால் ஆட முடியாது என்று மிரட்டினார்கள். பெரும்பாலோர் பணிந்தார்கள். யுனைடெட் வீரர்கள் பணியவில்லை. 'விலக்கப்பட்டோர் கால்பந்துக் கிளப் 1909' என்று பலகை எழுதி வைத்து அதன் பின்னால் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படம் இன்றும் இருக்கிறது, தேடிப் பாருங்கள். கடைசியில் சங்கத்தை அங்கீகரித்தார்கள். விலையாக, தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தொடர்பை விட வேண்டியிருந்தது. அந்தச் சமரசம் பெரிய பின்னடைவு என்றே நினைக்கிறேன். தனித்துவிடப்பட்ட சங்கம் 1912இல் ஹெர்பர்ட் கிங்கபி என்ற வீரருக்காக ஆஸ்டன் வில்லா மீது வழக்குப் போட்டுத் தோற்றது. வழக்குச் செலவு சங்கத்தையே சாய்க்கப் பார்த்தது.

அதன்பின் அரை நூற்றாண்டு எதுவும் அசையவில்லை. 1950களின் இறுதியிலும் உச்சவரம்பு வாரம் 20 பவுண்ட்தான். மைதானத்தில் பல்லாயிரம் பேர் காசு கொடுத்து நுழைந்துகொண்டிருந்தார்கள். 1961 ஜனவரியில் ஜிம்மி ஹில் தலைமையில் சங்கம் வேலைநிறுத்தத் தேதி குறித்த பிறகே வரம்பு நீங்கியது. சில மாதங்களில் ஃபுல்ஹாமின் ஜானி ஹெய்ன்ஸ் வாரம் 100 பவுண்ட் வாங்கினார். அந்தப் பணம் முன்பும் கிளப்பில் இருந்தது என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்துபோனது.

பதிவுக் கட்டை அவிழ்க்க நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. நியூகாசிலின் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் வேறு கிளப்புக்குப் போகக் கேட்டார், மறுத்தார்கள். ஊரைவிட்டுப் போய்த் தக்கை விற்கும் வேலை பார்த்தார். பிறகு 1960 நவம்பரில் 47,500 பவுண்டுக்கு ஆர்சனலுக்கு விட்டார்கள். வேண்டியது கிடைத்த பின்னும் சங்கத்தின் துணையோடு அவர் வழக்கை நடத்தினார். 1963இல் தீர்ப்பு: தக்கவைப்பும் விலைவைப்பும் சேர்ந்த இந்த முறை, தொழில் செய்யும் உரிமைக்கு நியாயமற்ற தடை. தீர்ப்பெழுதிய நீதிபதி வில்பர்ஃபோர்ஸ், அடிமை வணிக ஒழிப்புக்குப் போராடிய வில்லியம் வில்பர்ஃபோர்ஸின் வழித்தோன்றல்.

ஆனாலும் ஒப்பந்தம் முடிந்தவருக்கும் விலை கேட்கும் வழக்கம் ஐரோப்பாவில் தொடர்ந்தது. பெல்ஜியத்தின் ஜான்-மார்க் போஸ்மான் அதில் சிக்கினார். 1990இல் ஒப்பந்தம் முடிந்தபோது, லியேஜ் கிளப் அவருடைய சம்பளத்தைக் கால்பங்காகக் குறைத்துப் புதுத் தாளை நீட்டியது. பிரான்சின் டன்கர்க் கிளப்புக்குப் போகிறேன் என்றார்; டிரான்ஸ்ஃபர் பணம் குறுக்கே நின்றது. ஐந்தாண்டு வழக்கு. 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம், ஐரோப்பிய ஒன்றிய நாட்டவரான ஆட்டக்காரர் ஒப்பந்தம் முடிந்தால் ஒன்றியத்தின் வேறொரு நாட்டுக் கிளப்புக்கு விலையில்லாமல் போகலாம் என்றது. அதற்குப் பின் வந்த நட்சத்திரங்கள் கோடிகளில் புரண்டார்கள். போஸ்மானின் ஆட்ட வாழ்க்கை அந்த வழக்கிலேயே முடிந்துபோயிருந்தது.

நீண்ட ஒப்பந்தங்களின் கதை இங்கிருந்து தொடங்குகிறது. ஒப்பந்தம் முடிந்தால் ஆள் சும்மா போய்விடுவார் என்றால், கிளப் என்ன செய்யும்? முடியவிடாது. நீளமாக எழுதும், முடிவதற்குள் புதுப்பிக்கும், அல்லது விற்கும். 2001இல் ஃபிஃபா ஐந்தாண்டு உச்சவரம்பு வைத்தது. நாட்டுச் சட்டம் அனுமதித்தால் அதற்கு மேலும் போகலாம் என்று வாசல் திறந்து வைத்தது. இங்கிலாந்துச் சட்டம் தடுக்கவில்லை.

2022இல் செல்சியை வாங்கிய அமெரிக்க முதலீட்டாளர்கள் அந்த வாசலில் நுழைந்தார்கள். கணக்கு எளிமையானது. ஆட்டக்காரரை வாங்கிய விலையை ஒரே ஆண்டுச் செலவாக எழுத மாட்டார்கள். ஒப்பந்த ஆண்டுகளால் வகுத்து எழுதுவார்கள். 2023 ஜனவரியில் என்சோ ஃபெர்னாண்டஸை ஏறத்தாழ 10.68 கோடி பவுண்டுக்கு வாங்கி எட்டரை ஆண்டு ஒப்பந்தம் போட்டார்கள். ஐந்தால் வகுத்தால் ஆண்டுக்கு 2 கோடிக்கு மேல் செலவு. எட்டரையால் வகுத்தால் ஒன்றேகால் கோடி. அந்த அளவுக்குக் கணக்கில் நஷ்டம் குறையும். மிகைலோ முத்ரிக்குக்கும் எட்டரை ஆண்டு. ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஈஎஃப்ஏ அதே 2023இல், கணக்கில் ஐந்தாண்டுக்கு மேல் வகுக்கக் கூடாது என்று அடைத்தது. டிசம்பரில் பிரீமியர் லீக்கும் அடைத்தது. இரண்டும் பழைய ஒப்பந்தங்களைத் தொடவில்லை.

நீண்ட ஒப்பந்தம் ஆட்டக்காரருக்கும் பாதுகாப்புதானே என்று கேட்கலாம். ஓரளவு உண்மை. காலில் அடிபட்டாலும் சம்பளம் வரும். ஆனால் இருபது இருபத்திரண்டு வயதில் கையெழுத்திடும் ஒருவர் தன் உச்ச ஆண்டுகள் முழுவதையும் எழுதிக்கொடுக்கிறார். போஸ்மான் வாங்கித்தந்த உரிமை, ஒப்பந்தம் முடியும் நாளில்தான் கையில் வரும். அந்த நாள் முப்பது வயதில் வந்தால்?

தண்டனைகளையும் பாருங்கள். அப்போதைய பிரீமியர் லீக் விதிப்படி மூன்று ஆண்டுகளில் 10.5 கோடி பவுண்ட் வரை நஷ்டம் காட்ட முடிந்தது. எவர்டன் 1.95 கோடி தாண்டியது. 2023 நவம்பரில் பத்துப் புள்ளிகள் பறிப்பு, மேல்முறையீட்டில் ஆறானது, அடுத்த கணக்குக்காக 2024 ஏப்ரலில் மேலும் இரண்டு. கீழ்ப்பிரிவில் இருந்து வந்ததால் வரம்பு குறைவாயிருந்த நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 3.45 கோடி தாண்டியதற்கு நான்கு புள்ளிகள். மான்செஸ்டர் சிட்டி மீது 2023 பிப்ரவரியில் 115 குற்றச்சாட்டுகள் வந்தன. கிளப் அனைத்தையும் மறுக்கிறது. விசாரணை ஆண்டுக்கணக்கில் நீண்டது. செல்சி தன் ஓட்டல்களைத் தன் சகோதர நிறுவனத்துக்கே 7.65 கோடி பவுண்டுக்கு விற்று வரவு வைத்தது. பிரீமியர் லீக் ஏற்றது. யூஈஎஃப்ஏ அப்படிப்பட்ட விற்பனையை ஏற்கவில்லை. 2025 ஜூலையில் 3.1 கோடி யூரோ அபராதம் போட்டது. புள்ளி எதுவும் போகவில்லை.

ஃபாரஸ்ட் வழக்கில் ஒரு விவரம் முக்கியம். பிரென்னன் ஜான்சன் நாட்டிங்ஹாமில் பிறந்து, சிறுவயது முதல் அந்தக் கிளப்பிலேயே வளர்ந்தவர். கணக்காண்டு ஜூன் 30இல் முடிகிறது. அவரை விற்றது செப்டம்பர் 1இல், 4.75 கோடி பவுண்டுக்கு. காத்திருந்ததால் நல்ல விலை கிடைத்தது என்று கிளப் வாதாடியது. ஆணையம் ஏற்கவில்லை. அதாவது, முன்கூட்டியே விற்றிருக்க வேண்டும். சொந்தப் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்தவருக்கு வாங்கிய விலை கிடையாது. விற்கும் தொகை முழுதும் கணக்கில் லாபம். ஆகவே நஷ்டத்தைச் சரிக்கட்ட முதலில் விற்கப்படுபவர்கள் உள்ளூர்ப் பிள்ளைகள். செல்சி மேசன் மவுன்ட்டை விற்றது, கோனர் கேலகரை விற்றது. இருவரும் சிறுவயதிலிருந்து அங்கேயே ஆடியவர்கள்.

2024 அக்டோபர் 4 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பு சொன்னது. லசானா டியாரா 2014இல் லோகோமோட்டிவ் மாஸ்கோவோடு சம்பளத் தகராறில் பிரிந்தவர். கிளப்புக்கு 1.05 கோடி யூரோ கட்டு என்றது ஃபிஃபா. புதிதாக எடுக்கும் கிளப்பும் அந்தக் கடனில் பங்காளியாகும் என்ற விதியால், பெல்ஜியத்தின் ஷார்ல்ருவா கிளப் அவரை எடுக்கத் தயங்கி விலகியது. அந்த விதிகள் ஐரோப்பியச் சட்டத்துக்கு முரண் என்றது நீதிமன்றம். டியாராவின் வழக்கறிஞர் ஜான்-லூயி டுப்போன், போஸ்மானுக்காக வாதாடிய அதே மனிதர்.

இங்கிலாந்தில் சங்கம் மறுபடி பழைய கேள்வியோடு நிற்கிறது. ஒவ்வொரு கிளப்பும் அணிக்குச் செலவிடும் தொகைக்கு, கடைசி இடத்துக் கிளப்பின் வருமானத்தோடு பிணைத்த ஓர் உச்சவரம்பை பிரீமியர் லீக் முன்வைத்தது. நியாயம் அதேதான்: போட்டியில் சமநிலை. இது சம்பள வரம்பு, நீதிமன்றம் போவோம் என்று மெரிடித்தின் சங்கத்தினுடைய வாரிசு எச்சரித்தது. 2025 நவம்பரில் கிளப்களின் வாக்கெடுப்பில் அந்தத் திட்டம் தோற்றது. அதே கூட்டத்தில், அணிச் செலவு கிளப் வருமானத்தில் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி நிறைவேறியது. 2026-27 பருவத்துக்கென எழுதப்பட்ட விதி அது.