சின்குரூடு

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், ஃபோர்ட் மக்மரி நகருக்கு வடக்கே, எண்ணெய் தோய்ந்த மணலை வெட்டியெடுத்து, வெந்நீரால் பிரித்து, 1978 முதல் செயற்கைக் கச்சா எண்ணெய் உற்பத்தி செய்துவரும் கூட்டு ஸ்தாபனம். 2021 முதல் இதனை நடத்துவது சன்கோர் என்னும் எண்ணெய் நிறுவனம். பிரித்தபின் எஞ்சும் கழிவுநீர், களிமண்ணும் பிசுக்கும் கலந்து, ஏரியொத்த தேக்கங்களில் ஆண்டுக்கணக்கில் நிற்பதே இத்தொழிலின் தீராத வியாதி.

2008 ஏப்ரலில், சுற்றுப்புற நீர்நிலைகள் உறைந்து கிடக்க, உறையாதிருந்த, இந்நிறுவனத்தின் அரோரா கழிவுநீர்த் தேக்கத்தை நல்ல நீரென்று நம்பி இறங்கிய வலசை வாத்துகள், இறகில் பிசுக்கு அப்பியமையால் எழும்பமாட்டாமல் மடிந்தன. அவற்றை வெருட்டும் வெடியோசைக் கருவிகள் உரிய காலத்தில் நிறுவப்பட்டிருக்கவில்லை. முதலில் சுமார் 500 எனப்பட்ட தொகை பின்னர் 1,600-ஐக் கடந்தது. 2010-இல் நீதிமன்றம் நிறுவனத்தைக் குற்றவாளியெனத் தீர்த்தது. தண்டம் ஏறத்தாழ 30 லட்சம் டாலர்.

விசித்திரம் யாதெனில், அச்சம்பவத்திற்கு முந்திய மாதத்திலேதான், 104 ஹெக்டேர் பரப்புள்ள கேட்வே குன்றைப் புனருத்தாரணம் செய்தமைக்காக, இத்துறையிலேயே முதலாவதான அரசாங்கச் சான்றிதழை இந்நிறுவனம் பெற்றிருந்தது; ஆயினும் அக்குன்று, சுரங்கத்தின் மேல்மண் கொட்டிய மேடேயன்றிக் கழிவுநீர்த் தேக்கமன்று. ஆதிக்குடிகளுக்கு வேலையும் ஒப்பந்தமும் அளிப்பதை நிறுவனம் தன் சமூகக் கடமையாகக் காட்டுகிறது; அதபாஸ்கா நதியின் கீழ்ப்புறத்திலுள்ள ஃபோர்ட் சிப்பெவயன் மக்களோ, எண்ணெய் மணல் தொழிலால் தங்கள் நீரும் மீனும் கெடுவதாக முறையிட்டு வருகின்றனர்.