படைவீரனின் நோயும் ‘மலடி’ என்னும் சொல்லும்

மைசூர் அரசு ஆங்கிலேய ஆணையரின் ஆட்சியில் இருந்த காலம் (1831–1881). அதன் எல்லைக்குள் பெங்களூர்த் தண்டில் ஆங்கிலேயப் படை தங்கியிருந்தது. 1868-இல் இந்தியத் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. அது பாலியல் தொழில் செய்த பெண்களைப் பதிவுசெய்து, கட்டாயமாகச் சோதித்து, நோயுற்றோரை ‘லாக் ஆஸ்பத்திரி’யில் அடைத்தது. படைவீரனை அச்சட்டம் சோதிக்கவில்லை. அதன் அக்கறை படையின் வலிமையே. பெண்ணின் கருவளம் அன்று.

1872-இல் எமில் நோகராத் என்னும் மருத்துவர், கணவனிடம் மறைந்திருக்கும் வெட்டைநோயே மனைவியின் மலட்டுத்தன்மைக்குக் காரணமாகலாம் என எழுதினார். சக மருத்துவர் பலர் ஏற்கவில்லை. 1879-இல் ஆல்பர்ட் நைசர் அந்நோயின் கிருமியைக் கண்டறிந்தார். அது வெளிப்படையான அறிகுறி இன்றியே கருக்குழாய் வரை ஏறி, தழும்பு உண்டாக்கி, வழியை அடைத்துவிடக்கூடும். கிளமிடியாவும் அத்தகையதே.

1888-இல் சட்டம் நீங்கியது, பழி நீங்கவில்லை. ‘மலடன்’ என்னும் சொல் தமிழில் உண்டு. ஆயினும் வசையாக ஒலிப்பது ‘மலடி’யே.

இன்று மைசூரில் பாலியல் தொழிலாளர் தாமே நடத்தும் ஆஷோதயா சமிதி சிகிச்சைக்கு வழிசெய்கிறது. கட்டாயச் சோதனையிலிருந்து இவ்விடம் வரையுள்ள வரலாற்றைப் பெண்ணுடலின் பக்கமிருந்து எழுதவேண்டிய கடமை நமக்குண்டு.