காற்புண் கழுவுதல்: ஒரு வரலாற்று நோக்கு

ஆறாப் புண்ணைக் கழுவுதல் மருத்துவத்தின் மிகப் பழைய பணிகளுள் ஒன்று. எனினும், எதனாற் கழுவுவது என்னும் வினா பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் தீவிர விவாதத்துக்கு உள்ளாயிற்று. 1867இல் யோசப் லிஸ்ரர் காபோலிக்கமிலத்தின் பயனை வெளியிட்டதன் பின்னர், கிருமியைக் கொல்வதே புண்ணை ஆற்றும் வழி என்னும் கருத்து வேரூன்றியது.

முதலாம் உலகப்போர் இக்கருத்தைச் சோதித்தது. கரெல், டேக்கின் இருவரும் ஏறத்தாழ 0.5 வீதச் சோடியம் ஐப்போகுளோரைற்றுக் கரைசலைக் குழாய்கள்வழி புண்ணினுட் செலுத்தும் முறையை வகுத்தனர். அல்மொறொத் றைற் செறிந்த உப்புக்கரைசலை ஆதரித்தார். அவருடன் பணியாற்றிய அலெக்சாந்தர் பிளெமிங், கிருமிகொல்லிகள் ஆழ்ந்த புண்ணின் மூலைமுடுக்குகளை எட்டுவதில்லை என்பதையும், உடலைக் காக்கும் வெண்குருதிக் கலங்களை அவை அழிக்கின்றன என்பதையும் காட்டினார்.

போர்ப்புண்ணிற் பிறந்த இவ்விவாதம் நாட்பட்ட காற்புண்ணையும் தொடர்ந்தது. ஆயின் இரண்டும் ஒன்றல்ல. காற்புண்களுட் பெரும்பாலானவை நாளங்களிற் குருதி தேங்குவதால் விளைபவை. நாடிக் குருதியோட்டம் போதியதாயின், அழுத்தக் கட்டே அவற்றுக்குரிய முதன்மைச் சிகிச்சை. எந்தக் கழுவுநீரும் அக்காரணத்தை நீக்குவதில்லை. நாளக் காற்புண்களைக் கழுவுதல் பற்றி 2021இல் வெளியான கொக்கிரேன் மீளாய்வு, 254 நோயாளர் பங்குபற்றிய நான்கு பரிசோதனைகளை மாத்திரமே கண்டது. எக்கரைசல் சிறந்தது என்று துணிய அவை போதவில்லை.

நெடுநாள் வழக்கம் சான்றாகிவிடாது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மை. ஆண்டுக்கணக்கிற் புண்ணோடு வாழும் நோயாளிக்குக் கழுவுநீரின் பெயரைவிட, முறையான கட்டு இடையறாது கிடைப்பதே பெரிது.