கீழ் எண்ணின் வரலாறு: தமனி விறைப்பும் இதயத் தசைக்கான ரத்த ஓட்டமும்

முன்னுரை

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ பெரியவர் ஒருவரிடம் “பி.பி. எவ்வளவு?” என்று கேட்டால், “நூத்தி அறுபது” என்று ஒற்றை எண்தான் பதிலாக வரும். கையிலுள்ள சீட்டில் 160/70 என்று இரண்டு எண்கள் இருக்கும். சொல்லாமல் விட்ட அந்தக் கீழ் எண் மருத்துவத்தில் எவ்வாறு பொருள் பெற்றது என்பதையும், இதயத் தசைக்குச் செல்லும் ரத்தத்தைப் பற்றி அது என்ன சொல்கிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

விரலிலிருந்து கைப்பட்டைக்கு

சித்த மருத்துவர் மூன்று விரல்களால் நாடி பார்த்து வாதம், பித்தம், ஐயம் ஆகியவற்றைக் கணித்தார். நாடியின் இயல்பை எண்ணாக்கும் முயற்சி ஐரோப்பாவில் நடந்தது. தமனியின் நெகிழ்வைத் தீயணைப்பு இயந்திரத்தின் காற்றறையோடு 1733இல் ஒப்பிட்டார் ஸ்டீபன் ஹேல்ஸ். குழாயின் சுவர் விறைக்க விறைக்க அதில் நாடி அலை விரைந்து ஓடும் என்பதை 1878இல் மோயன்சும் கோர்டெவெக்கும் சமன்பாடாக்கினர். 1896இல் ரிவா ரோச்சியின் கைப்பட்டை மேல் எண்ணை அளக்க வழி செய்தது. 1905இல் ரஷ்ய அறுவை மருத்துவர் கொரோட்கோவ், பட்டைக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப்பை வைத்து ஒலிகளைக் கேட்டார். ஒலி அடங்கும் இடமே கீழ் எண் ஆயிற்று.

இரண்டு துடிப்புகளுக்கு இடையில்

உடலின் மற்ற உறுப்புகள் இதயம் சுருங்கும்போதே மிகுதியாக ரத்தம் பெறுகின்றன. இதயத்தின் இடப்பக்கத் தசையோ சுருங்குகையில் தன்னுள் ஓடும் குழாய்களைத் தானே நெரிக்கிறது. எனவே அதற்கு வேண்டிய ரத்தத்தின் பெரும்பகுதி, இதயம் தளரும் வேளையில்தான் கரோனரித் தமனிகள் வழியே வருகிறது. அந்த வேளையின் அழுத்தமே கீழ் எண். அப்போது ரத்தத்தைத் தள்ளுவது பெருந்தமனியின் சுவர். துடிப்பின்போது விரிந்து சேமித்த ஆற்றலை, சுருங்கித் திருப்பித் தருகிறது அது.

ராஜபாளையத்தை அடுத்து, பேண்டேஜ் துணி நெய்யும் சத்திரப்பட்டிப் பக்கத்தில் இதை விளக்குவது எளிது. பலமுறை துவைத்த கிரேப் பேண்டேஜ் இழுத்தால் பழைய நிலைக்குத் திரும்பாது. வயதாலும் நீடித்த ரத்தக் கொதிப்பாலும் சர்க்கரை நோயாலும் தமனிச் சுவரின் எலாஸ்டின் இழைகள் நைந்து, கொலாஜன் மிகும்போதும் இதுவே நிகழ்கிறது. எதிரொலித்துத் திரும்பும் நாடி அலை, இதயம் சுருங்கி முடியும் முன்பே வந்து மோதுகிறது. மேல் எண் ஏறுகிறது. கீழ் எண் இறங்குகிறது. இதயத்துக்கு வேலை கூடும் நேரத்தில் வரத்து குறைகிறது. முதலில் வாடுவது இதயச் சுவரின் உள்ளடுக்கு.

எண்களின் மதிப்பு மாறியது

20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் கீழ் எண் உயர்ந்தால்தான் ஆபத்து என்று கருதப்பட்டது. மேல் எண் மட்டும் உயர்ந்த முதியோருக்கும் சிகிச்சை பக்கவாதத்தைக் குறைக்கும் என 1991இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. நடுவயதைத் தாண்டியவர்களில், மேல் எண் ஒன்றாகவே இருந்தாலும் கீழ் எண் தாழ்ந்தவருக்கே இதயத் தமனி நோய் அபாயம் அதிகம் என்று 1999இல் பிராமிங்ஹாம் ஆய்வு கண்டது. 2013இன் ஐரோப்பிய வழிகாட்டி, நாடி அலை வேகம் நொடிக்கு 10 மீட்டரைத் தாண்டுவதையும், முதியோரிடம் இரு எண்களின் இடைவெளி 60ஐ எட்டுவதையும் தமனி விறைப்பின் அடையாளங்களாகக் கொண்டது.

விருதுநகர் முன்னோடி

உலக வங்கி உதவியுடன் 2005இல் தொடங்கிய தமிழ்நாடு சுகாதாரத் திட்டம், இதய ரத்தநாள நோய்த் தடுப்புக்கான முன்னோடிப் பணிக்கு விருதுநகர், சிவகங்கை மாவட்டங்களைத் தேர்ந்தது. ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் விருதுநகர் மாவட்டத்து ஊர்கள். நோய் முற்றி வருவோருக்காகக் காத்திராமல், வேறு காரணத்துக்காக மருத்துவமனைக்கு வந்தவருக்கும் ரத்த அழுத்தம் பார்க்கும் வழக்கம் அரசு மருத்துவத்தில் இப்படி வேரூன்றியது; பின்னர் மாநிலமெங்கும் விரிந்தது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் பி.பி. மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது.

முடிவுரை

நாடி அலையை அளக்கும் கருவி பெருநகர ஆய்வகத்துக்கு உரியது. கைப்பட்டை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே உண்டு. 160/70 என்ற சீட்டில் 90 இடைவெளி இருக்கிறது. கீழ் எண் 70தானே என்று மாத்திரையை நிறுத்துவதும் தவறு. மேல் எண்ணை மட்டும் குறிவைத்துக் கீழ் எண்ணை மிகத் தாழ்த்துவதும் இதயத் தமனி நோயாளிக்கு நல்லதன்று. நூறாண்டுக்கும் முன்பே கொரோட்கோவ் காது கொடுத்துக் கேட்ட எண் சீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. அதையும் சேர்த்துப் படிப்பதே இனிச் செய்ய வேண்டியது.