குடகு வீடுகளில் பழைய துப்பாக்கிகள்: ஒரு விலக்கின் வரலாறு

இந்தியாவில் சுடும் நிலையில் உள்ள துப்பாக்கி ஒன்றை வீட்டில் வைத்திருக்க, 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின்படி அரசின் உரிமம் வேண்டும். பாட்டனார் விட்டுச் சென்றதாக இருந்தாலும் விதி இதுவே. இந்த விதியிலிருந்து விலக்குப் பெற்ற மக்கள் கர்நாடகத்தின் குடகு மாவட்டத்தில் வாழ்கிறார்கள். காவிரி பிறக்கும் மலைநாடு என்பதால் நமக்கு அறிமுகமான ஊர்தான். அங்குள்ள கொடவர்களும், 'ஜம்மா' என்னும் பரம்பரை நில உரிமை உடையவர்களும் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருக்கலாம். இந்த விலக்கு எப்படி வந்தது என்பதையும், இன்றும் ஏன் நீடிக்கிறது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

முதலில் பெயரைப் பார்ப்போம். கொடவ மொழியிலும் மலையாளத்திலும் துப்பாக்கிக்குத் 'தோக்கு' என்று பெயர். நம்முடைய 'துப்பாக்கி' துருக்கிய மொழி வழியாக வந்த சொல். தோக்கும் அதே மூலத்திலிருந்து வந்தது என்பர். திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்தில் வரும் 'துப்பாக்கி'க்கும் இதற்கும் தொடர்பில்லை. அங்கே பொருள் 'உணவாக ஆக்கி' என்பதாகும். வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு மாணவர் இதைக் கேட்காமல் விட்டதில்லை.

பழைய தோக்கு பெரும்பாலும் வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் வகையைச் சேர்ந்தது. வெடியுப்பு, கந்தகம், கரி ஆகியவை கலந்த கருமருந்தைக் குழலின் வாயில் கொட்டி, அடைப்புத் துணி அல்லது நார் வைத்து, ஈயக் குண்டை இட்டு, நீண்ட கம்பியால் இடித்து இறுக்க வேண்டும். தொடக்கத்தில் எரியும் திரியும், பின்னர் சிக்கிமுக்கிக் கல்லின் பொறியும் மருந்தைப் பற்றவைத்தன. மழை நாட்டில் இவ்விரண்டும் தொல்லைதான். வெளியே திறந்திருக்கும் மருந்து நனைந்துவிட்டால் துப்பாக்கி வெறும் தடி. 19ஆம் நூற்றாண்டில் அடித்தால் வெடிக்கும் சிறிய செப்புத் தொப்பி வந்த பிறகே இந்தக் குறை தீர்ந்தது. ரைபிள் என்பது இவற்றிலிருந்து வேறுபட்டது. அதன் குழலின் உட்புறத்தில் திருகுபோல் சுற்றிச் செல்லும் பள்ளங்கள் இருக்கும். அவை குண்டைச் சுழலவைப்பதால் குறி நெடுந்தொலைவுக்குப் பிசகாது.

கருமருந்துக்கு இன்னொரு குணமும் உண்டு. சுட்ட பின் குழலில் தங்கும் கசடு ஈரத்தை இழுத்து இரும்பை அரித்துவிடும். வெந்நீர் விட்டுக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசாவிட்டால் சில நாளிலேயே துரு ஏறும். குடகின் கடும் பருவமழையில் இந்தத் துப்பாக்கிகள் நூறாண்டு தாண்டி நிற்கின்றன என்றால், தலைமுறை தலைமுறையாக ஒருவர் உட்கார்ந்து துடைத்திருக்கிறார் என்று பொருள்.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1834 வரை குடகை ஆண்ட ஆலேரி அரசர்கள் பெரிய நிலைப்படை வைத்திருக்கவில்லை. அழைத்தவுடன் ஆயுதத்துடன் வரவேண்டும் என்ற கடமையோடு குடும்பங்களுக்கு நிலம் கொடுத்தார்கள். அதுவே ஜம்மா. அதற்கு வரி வழக்கமான நிலவரியில் ஏறத்தாழப் பாதி. ஆகவே துப்பாக்கி அன்று சலுகைப் பொருள் அல்ல. நிலத்துக்குரிய கடமையின் கருவி. இந்த வேறுபாட்டைப் பலரும் கவனிப்பதில்லை.

1834இல் கிழக்கிந்தியக் கம்பெனி குடகைக் கைப்பற்றியது. மூன்றாண்டுகளில் அங்கு எழுந்த கிளர்ச்சியை அடக்கக் கொடவர்கள் பலர் கம்பெனிக்குத் துணை நின்றார்கள். அதற்காகத் தனிப் பதக்கமே அடித்து வழங்கப்பட்டது. 1857இல் வடக்கே பெரும் எழுச்சி மூண்டது. என்பீல்டு ரைபிளின் கொழுப்புத் தடவிய தோட்டா அதற்கு உடனடிக் காரணங்களுள் ஒன்று என்பதை மாணவர்கள் அறிவார்கள். குடகு அமைதியாக இருந்தது. எழுச்சி அடங்கியபின் 1860இல் மக்களின் ஆயுதங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. 1861இல், மைசூர் ஆணையர் மார்க் கப்பன் காலத்தில், கொடவர்களுக்கு அச்சட்டத்திலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. நாடு முழுவதையும் ஆயுதமற்றதாக்கிய 1878ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகும் அது தொடர்ந்தது.

இதை வீரத்துக்குக் கிடைத்த பரிசு என்று மட்டும் எழுதுவது பாதி உண்மை. அரசனுக்கு ஆற்றிய கடமையின் அடையாளமாக இருந்த துப்பாக்கி, ஆங்கிலேயர் கையால் விசுவாசத்தின் அடையாளமாக மாற்றப்பட்டது. பக்கத்து மாவட்டத்து உழவனிடமிருந்து பிடுங்கியதை இவர்களிடம் விட்டுவைத்தார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

விடுதலைக்குப் பின் 1956இல் குடகு மைசூர் மாநிலத்துடன் இணைந்தது. 1963இல் மத்திய அரசு புதிய சட்டத்தின் கீழும் விலக்கை அறிவித்தது. 'கூர்க் இனத்தார்' என்ற ஆங்கிலேயர் காலச் சொல் அதிலும் இடம்பெற்றது.

ஆனால் கொடவ வீட்டில் தோக்குக்கு உள்ள இடம் அரசாணைகளால் வந்தது அன்று. ஆண் குழந்தை பிறந்தால் வானை நோக்கி ஒரு வெடி; இறப்பு நேர்ந்தால் இரண்டு. காடும் மேடுமாக வீடுகள் சிதறிக் கிடந்த நாட்டில் அதுவே செய்தி. புத்தரி எனும் அறுவடை விழாவில் முதற்கதிர் அறுக்கும்போதும் வெடி முழங்கும். நடவு முடிந்து செப்டம்பரில் வரும் கைல்போது ஆயுதங்களுக்கான பண்டிகை. மழைக்காலம் முழுவதும் பூசையறையில் இருந்த துப்பாக்கிகளையும் கத்திகளையும் துடைத்து, வரிசையாக வைத்து வழிபடுவார்கள். குழலில் செருகும் பூவுக்குத் 'தோக்குப்பூ' என்றே பெயர். அது வேறொன்றுமில்லை, தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள்தான். பிறகு பன்றிக்கறியும் கடம்புட்டும் கொண்ட விருந்து. முன்பு இந்த நாளோடு வேட்டைப் பருவம் தொடங்கும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டைக்கு இடமில்லை. மரத்தில் உயரக் கட்டிய தேங்காயைச் சுடும் போட்டியில்தான் இப்போது குறி பார்க்கிறார்கள்.

பிறப்பையும் பரம்பரை நிலத்தையும் வைத்து விலக்களிப்பது அரசமைப்புச் சட்டத்தின் சமத்துவத்துக்கு மாறானது என்று கர்நாடக உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. கேள்வி நியாயமானதே. 2019 அக்டோபரில் மத்திய அரசு விலக்கை மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டித்தது. விடுதலைக்கு முன்பிருந்தே தொடரும் வழக்கம் இது, காலவரையின்றி அளிக்கப்பட்டதும் அல்ல என்று கூறி, 2021 செப்டம்பரில் நீதிமன்றம் விலக்கைச் செல்லுமென ஏற்றது. இப்போதைய அறிவிப்பு 2029 அக்டோபர் வரை நடப்பில் இருக்கும்.