நிலக்கரி, எண்ணெய், மின்கம்பி

வெளி மாநிலங்களில் வாழும் நமக்குச் சொந்த ஊரோடு தொடர்பு அறாமல் காப்பது இரயில் வண்டி. அதனை இழுக்கும் ஆற்றல் எங்கிருந்து பெறப்படுகிறது என்பதை நாம் அதிகம் எண்ணுவதில்லை. இந்திய இரயில்வேயை நடத்தியோருக்கோ அது நெடுங்காலக் கவலையாக இருந்து வந்தது.

தொடக்கத்தில் நிலக்கரியே வண்டிகளை இழுத்தது. ஆனால் நீராவி எஞ்சினில் எரியும் கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குகூட இழுவிசையாக மாறுவதில்லை. அக்கரியைத் தொலைதூர ஊர்களுக்குக் கொண்டு செல்லவும் சரக்குப் பெட்டிகளை ஒதுக்க வேண்டியிருந்தது.

மின்சார வண்டி 1925ஆம் ஆண்டில் பம்பாயிலும், 1931ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையிலும் ஓடத் தொடங்கியது. எனினும் நாடு விடுதலை பெற்றபோது நீண்ட வழித்தடங்களில் பெரும்பாலானவை நீராவியையே நம்பியிருந்தன.

ஐந்தாண்டுத் திட்டங்களால் சரக்குப் போக்குவரத்து பெருகியபோது இரண்டு வழிகள் தென்பட்டன. டீசல் எஞ்சினை உடனே ஓட்டலாம், தண்டவாளமே போதும். மின்சாரத்துக்கோ கம்பமும் கம்பியும் துணை மின்நிலையமும் வேண்டும். தொடக்கச் செலவு மிகப் பெரிது. இரயில்வே இரண்டையும் மேற்கொண்டது. 1957ஆம் ஆண்டில், பிரெஞ்சு இரயில்வேயின் அனுபவத்தைப் பின்பற்றி, 25,000 வோல்ட் மாறுமின்னோட்ட முறையைத் தேர்ந்தது. மின்னழுத்தம் மிகுந்தால் மெல்லிய கம்பி போதும். துணை மின்நிலையங்களும் குறையும். 1961இல் சித்தரஞ்சன் ஆலை மின்சார எஞ்சின்களையும், 1964இல் வாராணசி ஆலை டீசல் எஞ்சின்களையும் தரத் தொடங்கின.

1973ஆம் ஆண்டின் இறுதியில் எண்ணெய் நெருக்கடி வந்தது. சில மாதங்களுக்குள் கச்சா எண்ணெயின் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. டீசலின் ஒவ்வொரு துளிக்கும் அந்நியச் செலாவணியை எண்ண வேண்டிய நிலை. அப்போது கைகொடுத்தது, எண்ணெய் மலிவாக இருந்த நாளில் தொடங்கிய வேலை. பகுதி பகுதியாக முன்னேறிய மின்கம்பி 1976இல் ஹௌராவையும் தில்லியையும் முழுமையாக இணைத்தது. முடிவெடுத்த நாளிலிருந்து 19 ஆண்டுகள்! நெருக்கடி வந்த பிறகு தொடங்கியிருந்தால் பயன் எப்போது கிட்டியிருக்கும்?

இதனால் டீசலைக் குறை கூறுதல் தகாது. கம்பி எட்டாத வழிகளில் நீராவியின் சுமையை ஏற்றது அதுவே. அகலப்பாதையில் நீராவி எஞ்சின் 1995ஆம் ஆண்டில்தான் ஓய்வு பெற்றது.

இன்று அகலப்பாதை ஏறத்தாழ முழுவதும் மின்மயமாகிவிட்டது. எனினும் நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்தே பெறப்படுகிறது. கரி எரியும் இடம் எஞ்சினிலிருந்து அனல் மின்நிலையத்துக்கு மாறியிருக்கிறது. ஆயினும் மின்கம்பிக்கு ஒரு சிறப்பு உண்டு. கரிக்குப் பதிலாக நீரோ, காற்றோ, கதிரவனோ ஆற்றலைத் தந்தாலும் எஞ்சினை மாற்ற வேண்டுவதில்லை. அம்மாற்றத்துக்கும் பல ஆண்டுகள் ஆகும். 1957இல் செய்ததைப் போல, நெருக்கடி வரும் முன்னரே அதனைத் தொடங்குவதே அறிவுடைமையாகும்.