பாலிடெக்னிக்குக்கும் பி.இ.க்கும் நடுவே

கம்பைநல்லூரிலிருந்து பஸ்ஸில் மொரப்பூர் போய், அங்கே ரயில் பிடித்துத்தான் சேலத்துக்குப் படிக்கப் போனேன். 1971இல் பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. முடித்தேன். அப்போது பிளஸ் டூ கிடையாது; அது 1978இல்தான் வந்தது. கல்லூரிக்குப் போகிறவர்கள் ஒரு வருடம் பி.யு.சி. படிப்பார்கள். எங்கள் வீட்டில் அதற்கு வசதியில்லை. "மூணு வருஷத்தில் வேலை" என்று அப்பா சொன்னதால் பாலிடெக்னிக்கில் சேர்ந்தேன்.

டிப்ளமோ முடித்தவன் பி.இ. படிக்க ஆசைப்பட்டால் அன்று நேர்வழி இல்லை. கோவையில் மாலைநேரப் படிப்பு இருந்தது. வேலை அங்கே கிடைத்தவர்களுக்கு அது உதவியது. மற்றவர்களுக்கு ஏ.எம்.ஐ.இ. 1920இல் தொடங்கப்பட்ட இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ் நடத்தும் தேர்வு அது. செக்‌ஷன் ஏ, செக்‌ஷன் பி என்று இரண்டு பகுதி. வகுப்பு இல்லை, வாத்தியார் இல்லை. வேலை முடிந்து வந்து லாந்தர் வெளிச்சத்தில் படித்தேன். கணக்கில் இரண்டு முறை தோற்றேன். மூன்றாவது முறை பணம் கட்டவில்லை. அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை.

பிறகு வழி திறந்தது. டிப்ளமோ படித்தவர்களை நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்த்தார்கள். 2012இல் என் தங்கை மகனை அழைத்துக்கொண்டு காரைக்குடிக்குக் கவுன்சிலிங் போனேன். அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி வளாகத்தில் அத்தனை ஊர்ப் பிள்ளைகளும் பைல் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எனக்குக் கிடைக்காதது இவனுக்குக் கிடைத்தது என்று மனசு நிறைந்தது.

தீபாவளிக்கு வந்தவன் முகம் வாடியிருந்தது. "மாமா, முதல் வருஷக் கணக்கே படிக்கல. எடுத்தவுடனே ஃபூரியர் தொடர்னா எப்படி?" என்றான். அந்த செமஸ்டரில் அரியர். கதவைத் திறந்தவர்கள் படி கட்ட மறந்துவிட்டார்கள்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1901இல் ஜோலியட் என்ற ஊரில் இரண்டாண்டுக் கல்லூரி தொடங்கினார்கள். வீட்டருகே இரண்டு வருடம் படித்துவிட்டு, மீதியைப் பல்கலைக்கழகத்தில் முடிக்கலாம் என்பது ஏற்பாடு. நம் பக்கம் 1995இல் புதுச்சேரியில் தொடங்கிய சமுதாயக் கல்லூரிக்கும் பெயர் அதுவே. ஆனால் இங்கே அது பெரும்பாலும் வேலைப் பயிற்சிக்கு. அங்கே சேர்ந்தவர்களில் பலர் பாதியில் நின்றதால், 1992இல் அவர்களின் தேசிய சுகாதார நிறுவனம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. இரண்டாண்டுக் கல்லூரி மாணவர்களைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக்கு அழைத்து, உதவித்தொகை தந்து, ஒரு பேராசிரியரோடு ஆராய்ச்சி செய்ய வைத்தார்கள். சேரும் முன்பே அந்த இடமும் அங்கே உள்ளவர்களும் பழகிவிட்டார்கள். "இங்கே எனக்கும் இடம் உண்டு" என்ற தைரியம் வந்துவிட்டது.

எங்கள் பையனுக்கு அப்படி எதுவும் இல்லை. ஊரில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் மே மாதம் முழுக்கத் திண்ணையில் உட்கார வைத்து, விட்டுப்போன முதல் வருடக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தார். காசு வாங்கவில்லை. அரியரை முடித்தான்; 2015இல் பட்டம் வாங்கினான்.

ஒரு மாதத் திண்ணைப் பாடம் செய்த வேலை அது. பாலிடெக்னிக் கடைசி விடுமுறையில், சேரப்போகும் கல்லூரியிலேயே நாலு வாரம் கணக்கும் ஆய்வுக்கூடமும் பழக்கினால் எத்தனை பிள்ளைகள் தப்பிப்பார்கள்! நம் ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் பலர் இருக்கிறோம். திண்ணைகளும் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கின்றன.